7,500 டாலர் சலுகை போன பிறகு: பழைய எலெக்ட்ரிக் காரா, புதியதை லீஸா, ஹைப்ரிடா?

2025 செப்டம்பர் 30 வரை அமெரிக்காவில் இந்தக் கணக்கு எளிதாக இருந்தது. தகுதியுள்ள புது எலெக்ட்ரிக் காருக்கு 7,500 டாலர் வரை வரிச்சலுகை. டீலரிடம் 25,000 டாலருக்குள் வாங்கும் பழைய காருக்கு 4,000 வரை. பைடன் காலத்துச் சட்டம் 2022-ல் விரித்துக் கொடுத்ததை, டிரம்ப் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட சட்டம் சுருட்டி எடுத்துக்கொண்டது. அன்று முதல் இரண்டாவது கார் தேடும் நம் ஆட்களிடம் ஒரே குழப்பம்: லீஸ் (மாதத் தவணையில் காரை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம்) முடிந்து வந்த பழைய எலெக்ட்ரிக் காரை வாங்குவதா, புதியதை மூன்று வருஷத்துக்கு லீஸ் எடுப்பதா, பேசாமல் பெட்ரோல் எஞ்சினோடு சின்ன பேட்டரியும் மோட்டாரும் உள்ள ஒரு டொயோட்டா ஹைப்ரிட் வாங்கிவிடுவதா?

எல்லோரும் போன 7,500-ஐப் பற்றியே பேசுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் முடிவை மாற்றுவது அந்தத் தொகை இல்லை. கார் இரவில் எங்கே நிற்கிறது, அங்கே சுவரில் என்ன பிளக் இருக்கிறது, அந்த ஊரில் மின்சாரம் யூனிட் என்ன விலை என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

*இரவு சார்ஜ்.* நிறுத்துமிடத்தில் சாதாரண 120 வோல்ட் பிளக் ஒன்று இருந்தாலே அது பெரிய விஷயம். 12 ஆம்பியரில் 1.4 கிலோவாட் வரும், மணிக்கு நாலு மைல் சேரும். இரவு 8 முதல் காலை 7 வரை போட்டுவைத்தால் 40 மைலுக்கு மேல். ஆபீஸ் போய்வர 30 மைல் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவே வேண்டாம். கராஜில் துணி உலர்த்தும் டிரையருக்கான 30 ஆம்பியர் பிளக் சும்மா இருந்தால் இன்னும் நல்லது: 24 ஆம்பியரில் 5.7 கிலோவாட், ஒரே இரவில் 150 மைலுக்கு மேல் ஏறும்.

அபார்ட்மென்ட் என்றால் அதன் வாடகை ஆபீசில் மூன்று கேள்வி கேளுங்கள். யூனிட் விலை என்ன, சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால் என்ன கட்டணம், இருக்கிற சார்ஜர்களில் எத்தனை வேலை செய்கிறது. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலை நம்பாமல், வேலைநாள் இரவு பத்து மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

*மைலுக்கு என்ன செலவு.* கீழே இருப்பது மாதிரிக் கணக்கு. சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டில் (ஒரு கிலோவாட் மணி) சார்ஜிங் இழப்பு போக 3 மைல் என்று வைத்திருக்கிறேன். ஹைப்ரிடுக்கு கேலனுக்கு 47 மைல். கேம்ரியின் ஸ்டிக்கரில் 51 என்று இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

| எதில் ஓடுகிறது | விலை | ஒரு மைலுக்கு |
|---|---|---|
| வீட்டு மின்சாரம், சராசரி மாநிலம் | யூனிட் 17 சென்ட் | 5.7 சென்ட் |
| வீட்டு மின்சாரம், கலிபோர்னியா இரவு விலை | யூனிட் 32 சென்ட் | 10.7 சென்ட் |
| நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜர் | யூனிட் 55 சென்ட் | 18 சென்ட் |
| ஹைப்ரிட் | கேலன் 3.20 டாலர் | 6.8 சென்ட் |
| ஹைப்ரிட், கலிபோர்னியா | கேலன் 4.60 டாலர் | 9.8 சென்ட் |
| சாதாரண பெட்ரோல் கார் (25 மைல்) | கேலன் 3.20 டாலர் | 12.8 சென்ட் |

உங்கள் மின்கட்டண ரசீதையும் பங்கில் எழுதியிருக்கும் விலையையும் போட்டு இதை மறுபடி போட்டுப் பாருங்கள். மேலே உள்ள விலைகளில் இரண்டு விஷயம் தெரியும். ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி எலெக்ட்ரிக் கார் ஓட்டினால், சாதாரண பெட்ரோல் காரைவிடவே கூடுதலாகச் செலவாகும். அடுத்தது, சோலார் இல்லாத கலிபோர்னியா வீட்டில் ஹைப்ரிடும் எலெக்ட்ரிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டாலஸ், ஹூஸ்டனில் 'இரவு மின்சாரம் இலவசம்' என்று திட்டங்கள் உண்டு. காருக்கு அருமைதான். பகல் யூனிட் விலையை ஏற்றித்தான் அதை ஈடுகட்டுவார்கள் என்பதால், ஆகஸ்ட் மாத ஏசி கட்டணத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்த பிறகு மாறுங்கள்.

*மாநிலக் கட்டணம்.* பெட்ரோல் வரி கட்டாததற்காக எலெக்ட்ரிக் கார்களிடம் பல மாநிலங்கள் தனியாக வாங்குகின்றன. டெக்சஸில் ஆண்டுக்கு 200 டாலர், புதுக் காரானால் முதல் இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து 400. நியூ ஜெர்சியில் 2024 ஜூலையில் 250-ல் தொடங்கி ஆண்டுக்கு 10 டாலர் ஏறுகிறது, புதுக் காருக்கு நான்கு ஆண்டுக்கானதை முன்கூட்டியே கட்டவேண்டும். அதாவது ஆயிரத்துக்கு மேல் ஒரே தவணையில். அங்கே முன்பு இருந்த விற்பனை வரி விலக்கும் 2025 ஜூலையோடு முடிந்து, முழு 6.625 சதவீதம் வந்துவிட்டது. மேலே உள்ள அட்டவணைப்படி ஆண்டுக்கு 12,000 மைல் ஓடினால், சராசரி மாநிலத்தில் ஹைப்ரிடைவிட எலெக்ட்ரிக் காரில் மிச்சமாவது 130 டாலர் சொச்சம். டெக்சஸ் கட்டணம் அதை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். 'எரிபொருளில் காசு மிச்சம்' என்ற வாதம் பழைய பெட்ரோல் காரிலிருந்து மாறுகிறவருக்குத்தான் நிற்கும்.

*எத்தனை வருஷம் இங்கே இருப்பீர்கள்.* எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது காருக்கும் உண்டான கேள்வி. 2025 செப்டம்பரில் புது மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்ட பிறகு, ஐந்து வருஷக் கடனில் கையெழுத்துப் போடப் பலருக்கும் கை தயங்குகிறது. விசா முடியும் தேதியைப் பார்த்துக் கடன் காலத்தைச் சுருக்கும் வங்கிகளும் உண்டு. டீலரிடம் போகுமுன் வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

தேர்வு 1: லீஸ் முடிந்து வந்த பழைய எலெக்ட்ரிக் கார்

இப்போது இதில்தான் சரக்கு அதிகம். காரணம் பழைய சட்டத்தில் இருந்த ஓட்டை. சொந்தமாக வாங்கினால் வருமான வரம்பு, வட அமெரிக்காவில் பூட்டியிருக்க வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை. லீஸ் எடுத்தாலோ அது வணிக வாகனம் என்று கணக்காகி, அந்த நிபந்தனைகள் இல்லாமல் 7,500 லீஸ் கம்பெனிக்குப் போய்விடும், அவர்கள் அதை மாதத் தவணையில் கழித்துக் கொடுப்பார்கள். அதனால் 2023-லும் 2024-லும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷ லீஸ் முடிந்து அந்தக் கார்கள் இப்போது வரிசையாகத் திரும்புகின்றன. விலை இறங்கிய இடியை முதல் ஆள் தாங்கிக்கொண்டுவிட்டார். பேட்டரிக்கோ பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வாரண்டி, அதில் ஐந்து ஆண்டு இன்னும் மிச்சம்.

வண்டிக்கு வண்டி பார்க்க வேண்டியது வேறு.

செவர்லே போல்ட்: விலை குறைவு, நகரத்துக்கு நல்ல வண்டி. ஃபாஸ்ட் சார்ஜ் 55 கிலோவாட்டோடு நின்றுவிடும், நீண்ட பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மணி நேரம். பேட்டரித் தீ ஆபத்துக்காக ரீகால் ஆன, அதாவது இலவசமாகச் சரிசெய்ய கம்பெனி திரும்ப அழைத்த வண்டி இது. 2017-19 வண்டிகளுக்குப் பேட்டரியையே மாற்றினார்கள். 2020-22-ல் பலவற்றுக்கு, பேட்டரியைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேரை மட்டும் ஏற்றினார்கள். மாற்றியது என்றால் புது பேட்டரிக்குப் புது வாரண்டி. எது நடந்தது என்று வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

நிசான் லீஃப், பழைய மாடல்: பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு கிடையாது. அரிசோனா, டெக்சஸ் வெயிலில் வளர்ந்த லீஃபைத் தொடாதீர்கள். மீட்டர் ஓரத்தில் பேட்டரித் திறனுக்கு 12 சின்னக் கோடுகள் இருக்கும். பெரிய கோடுகள் சார்ஜ் அளவு, பக்கத்திலிருக்கும் சின்னக் கோடுகள்தான் ஆயுள். 11-க்குக் கீழே போயிருந்தால் விலையில் பேசுங்கள். அதன் ஃபாஸ்ட் சார்ஜ் பிளக்கான 'சாடெமோ' புது நிலையங்களில் அருகிவருகிறது.

ஹூண்டாய் அயானிக் 5, கியா ஈவி6: ஓட்ட அருமையானவை, 20 நிமிஷத்தில் 10-லிருந்து 80 சதவீதத்தைத் தொடும். இவற்றின் பலவீனம் 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது போனால் சின்ன பேட்டரி தீர்ந்து வண்டி நடுரோட்டில் வேகம் இழக்கும். ஹூண்டாயில் 2024 மார்ச்சிலும் நவம்பரிலும் இதற்கு ரீகால் வந்தது. இரண்டும் முடிந்திருக்கிறதா என்று ஒன்றிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்.

டெஸ்லா மாடல் 3: 2022, 2023 பின்சக்கர வண்டிகளில் இருப்பது இரும்பு-பாஸ்பேட் பேட்டரி, தினமும் 100 வரை ஏற்றலாம். மற்றவற்றை அன்றாடம் 80-லேயே நிறுத்துவது நல்லது. வாங்குமுன் முழுதாகச் சார்ஜ் ஏற்றித் திரையில் வரும் மைலைப் புதிதில் இருந்த மைலோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதம் குறைந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, இருபது என்றால் வேறு வண்டி பாருங்கள்.

மறைந்த செலவுகளில் முதலாவது வயரிங். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 48 ஆம்பியர் சார்ஜருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் வேண்டும், ஏனென்றால் மணிக்கணக்கில் ஓடும் சுமைக்குப் பிரேக்கர் அளவில் 80 சதவீதம்தான் எடுக்கலாம். வீட்டு வயரிங்கில் சாதாரணமாக இழுக்கும் வெள்ளை உறைக் கேபிளில் 6 கேஜ் தடிமன் செம்பு 55 ஆம்பியருக்குத்தான் தாங்கும். அதை 60 பிரேக்கரில் மாட்டி 'எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க' என்று சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள். குழாய்க்குள் தனி வயர் இழுத்தால் அதே 6 கேஜ் போதும். அடுப்புக்கான 50 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகும் சார்ஜர் என்றால், கடையில் பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் சாக்கெட் வேண்டாம். அடுப்பு எப்போதாவது எரிகிறது. கார் இரவு முழுவதும் 40 ஆம்பியர் இழுக்கிறது. உள்ளே பிடிமானம் தளர்ந்து சூடேறி பிளாஸ்டிக் உருகிப்போன சாக்கெட்டுகள் நிறைய. தொழிற்சாலைத் தரத்து சாக்கெட் போடுங்கள், அதைவிடச் சாக்கெட்டே இல்லாமல் சார்ஜரை நேராக வயரில் இணைத்துவிடுவது மேல். அப்படிச் செய்தால், சாக்கெட்டுக்குக் கட்டாயமாகிவிட்ட, சும்மா சும்மா விழும் கசிவுப் பாதுகாப்புப் பிரேக்கரின் தொல்லையும் இல்லை. வீட்டு மெயின் பேனல் 100 ஆம்பியர்தான் என்றால் முதலில் சுமைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பேனலை மாற்றுவது ஆயிரக்கணக்கில் போகும், சார்ஜரை 24 ஆம்பியருக்குக் குறைத்து வைத்தால் பல வீடுகளில் அந்தச் செலவே வராது. வீட்டுச் சார்ஜருக்கு ஒன்றிய அரசு தரும் 30 சதவீதச் சலுகை, உச்சம் 1,000 டாலர், 2026 ஜூன் 30-க்குள் பொருத்தி முடித்தவற்றுக்கு மட்டும். அதுவும் கிராமப்புற, குறைந்த வருமானப் பகுதி முகவரிகளுக்குத்தான்.

மற்றது, இன்ஷூரன்ஸ். வண்டி எண்ணைக் கொடுத்து மூன்று இடத்தில் விலை கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். எடை அதிகம் என்பதால் டயரும் சீக்கிரம் தேயும். டெஸ்லா அல்லாத வண்டியை அவர்கள் நிலையத்தில் சார்ஜ் செய்ய அடாப்டர் சுமார் 200 டாலர். குளிர்காலத்தில் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், கால்வாசிகூடக் குறையலாம்; 2024 ஜனவரி உறைபனியில் சிகாகோ சார்ஜிங் நிலையங்களில் கார்கள் வரிசைகட்டி நின்ற காட்சி நினைவிருக்கலாம்.

யாருக்குச் சரி: சொந்த வீடு, கராஜ், வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார். இந்த மூன்றும் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

தேர்வு 2: புதிய எலெக்ட்ரிக் காரை லீஸ் எடுப்பது

மானியம் போனதன் அடி நேராக விழுந்தது இங்கேதான். 40,000 டாலர் கார், 36 மாதம் கழித்து மதிப்பு 22,000, மணி ஃபேக்டர் (லீஸில் வட்டியைக் குறிக்கும் எண்) 0.0025 என்று வைப்போம். அந்த எண்ணை 2,400-ஆல் பெருக்கினால் வட்டி விகிதம் வரும்: 6 சதவீதம். மதிப்பு இறக்கம் 18,000-ஐ 36-ஆல் வகுத்தால் 500. வாடகை வட்டி, 40,000-மும் 22,000-மும் கூட்டி 0.0025-ஆல் பெருக்கினால் 155. மாதம் 655, வரி தனி. அன்று 7,500 கழித்திருந்தால் இதே கார் 428-க்கு வந்திருக்கும்.

ஆனால் அந்த இடைவெளியைக் கம்பெனிகளே கொஞ்சம் அடைக்கின்றன. ஹூண்டாய் 2026 அயானிக் 5-ன் விலையை 9,800 டாலர் வரை குறைத்தது. ஆகவே டீலரிடம் 'மாதம் எவ்வளவு' என்று ஆரம்பிக்காதீர்கள். காரின் பேசிய விலை, கம்பெனி தரும் லீஸ் தள்ளுபடி, மணி ஃபேக்டர், முடிவில் மதிப்பு ஆகிய நாலையும் எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் '299' என்று இருந்தால் கீழே பொடி எழுத்தில் 'கையெழுத்தின்போது 4,000' என்று இருக்கும். லீஸுக்கு முன்பணம் போடவே போடாதீர்கள்: இரண்டாம் மாதம் விபத்தில் வண்டி போனால் லீஸ் கம்பெனியின் கணக்கு நேராகிவிடும், உங்கள் 4,000 திரும்பி வராது.

எடுக்கும்போது ஒரு கட்டணம், திருப்பும்போது 400, 500 என்று இன்னொன்று. கூடுதல் மைலுக்கு 15 முதல் 25 சென்ட். 10,000 மைல் லீஸில் 13,000 ஓட்டுகிறவர் மூன்று வருஷ முடிவில் ஆயிரங்களில் கட்டுவார். டெக்சஸில் லீஸ் காருக்கும் முழு விலைக்கு 6.25 சதவீத வரி வரும், தவணைக்கு மட்டும் இல்லை.

விசாக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'எப்படியும் மூணு வருஷம்தானே, லீஸ் பாதுகாப்பு' என்ற நினைப்பு தவறு. நடுவில் வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால் மிச்சத் தவணையெல்லாம் உங்கள் தலையில். வேறொருவர் பெயருக்கு மாற்ற எல்லாக் கம்பெனிகளும் விடுவதில்லை, கையெழுத்துக்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். சொந்தக் கார் என்றால் ஒரு வாரத்தில் விற்றுவிட்டு விமானம் ஏறலாம்.

யாருக்குச் சரி: மூன்று வருஷம் இருப்பது உறுதி, ஆண்டு ஓட்டம் 10,000-க்குள், இன்னும் மாறிக்கொண்டிருக்கிற பிளக், பேட்டரி விவகாரத்தில் விலை இறங்கும் ஆபத்து அடுத்தவருடையதாக இருக்கட்டும் என்பவர்.

தேர்வு 3: புது ஹைப்ரிட்

சலிப்பான விடை, அபார்ட்மென்ட்வாசிக்குப் பெரும்பாலும் சரியான விடையும் இதுதான். 2025 முதல் கேம்ரி, 2026 முதல் ரேவ்4 என்று சாதாரண எஞ்சின் மாடலையே டொயோட்டா நிறுத்திவிட்டது. ஹைப்ரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1.5 லட்சம் மைல் வாரண்டி. பல மாடல்களில் பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் வலை மூடி ஒன்று உண்டு. குழந்தைகள் இறைக்கும் பிஸ்கட் தூளும் நாய் முடியும் அடைத்தால் பேட்டரி சூடாகும், ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் தூசு தட்டுங்கள். பழைய ரேவ்4 நாலுசக்கர ஹைப்ரிட் (2019-22) பார்க்கிறவர்கள், பின் மோட்டாருக்குப் போகும் உயர் அழுத்தக் கேபிளின் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் அது அரிக்கிறது.

இதில் மறைந்த செலவு டீலர்தான். நைட்ரஜன் காற்று, கண்ணாடியில் எண் பொறிப்பு, பெயின்ட் பூச்சு என்று ஒட்டி வைப்பார்கள். எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு என்று மின்னஞ்சலில் ஐந்து டீலர்களிடம் கேளுங்கள், நேரில் போய் உட்காராதீர்கள்.

2025 சட்டம் கொடுத்ததும் ஒன்று உண்டு: அமெரிக்காவில் பூட்டிய புதுக் காரின் கடன் வட்டியை 2028 வரை வருமானத்தில் கழிக்கலாம், உச்சம் ஆண்டுக்கு 10,000. லீஸுக்குக் கிடையாது, பழைய காருக்குக் கிடையாது. கென்டக்கியில் செய்யும் கேம்ரிக்கு உண்டு, ஜப்பானிலிருந்து வரும் பிரியஸுக்கு இல்லை. தம்பதிக்கு வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 200 டாலர் குறையும். 35,000 கடனில் முதல் வருஷ வட்டி சுமார் 1,900 என்றால், 2 லட்சத்து 10 ஆயிரம் சம்பாதிக்கும் இருவருக்கு அது பூஜ்யம். டீலர் இதைச் சொல்லி ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அக்கம்பக்கம் என்ன சொல்லும்?

கார் வாங்குவதில் கட்சி நுழைந்துவிட்டது. 2024 தேர்தலில் டெஸ்லாவின் தலைவர் மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார், 2025 மார்ச்சில் வெள்ளை மாளிகை வாசலில் டெஸ்லாக்களை நிறுத்தி டிரம்பே விளம்பரம் செய்தார், ஜூனில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். ஷோரூம் வாசல்களில் போராட்டம், 'மஸ்க் இப்படி ஆவதற்கு முன் வாங்கியது' என்ற ஸ்டிக்கர்கள். வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைத்தது ஒன்று: பழைய டெஸ்லா விலை இறங்கியது. பழைய கார் வாங்கினால் காசு முன்னாள் உரிமையாளருக்குத்தான் போகிறது, சார்ஜிங் நிலையத்தில் கட்டுவது வேறு விஷயம். மனசு ஒப்பவில்லை என்றால் போல்டும் அயானிக்கும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் ஒற்றை ஆளாகக் கார்பூல் லேனில் போகும் ஸ்டிக்கர் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. அதற்காக எலெக்ட்ரிக் வாங்க நினைத்தவர்கள் அந்தக் காரணத்தை அடித்துவிடலாம்.

ஒரே பார்வையில்

| உங்கள் நிலை | தேர்வு |
|---|---|
| கராஜ் உண்டு, பெட்ரோல் கார் ஒன்று ஏற்கெனவே உண்டு | பழைய எலெக்ட்ரிக் |
| கராஜ் உண்டு, வீட்டில் இது ஒன்றே கார், அடிக்கடி 300 மைல் பயணம் | ஹைப்ரிட். டெஸ்லாவும் சமாளிக்கும் |
| அபார்ட்மென்ட், சார்ஜர் இல்லை | ஹைப்ரிட், யோசிக்க வேண்டாம் |
| கலிபோர்னியா, கூரையில் சோலார் | எலெக்ட்ரிக், பழையதோ லீஸோ |
| மூன்று வருஷம் உறுதி, குறைந்த ஓட்டம் | நல்ல தள்ளுபடி கிடைத்தால் லீஸ் |
| விசா நிலை தெளிவில்லை | கடன் இல்லாமல் வாங்கக்கூடிய பழைய கார், எந்த வகையானாலும் |

கடன் முடிந்த, 90,000 மைல் ஓடிய கொரோலாவோ சிவிக்கோ வீட்டில் இருந்தால், இந்த அட்டவணையில் எங்கேயும் அதை வெல்லும் கார் இல்லை. நாலு டயரும் ஒரு பேட்டரியும் மாற்ற ஆயிரம் டாலர் போதும்.